தாங்கள் பரிசளித்த பாட்டுப் பெட்டியைத் திருப்பி அனுப்புவது குறித்து

சேசு மரி சூசை துணை

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
பங்குத் திருவிழாவுக்கு மறுவாரம்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர், லியோன் மாநகர்வாழ் மரிய அருண் அவர்களுக்கு, தங்கள் அக்காவைக் கைப்பிடித்த நாள் முதல் தங்கள் குடும்பத்தின் பெருமையைத் தன் பெருமையாகச் சுமந்து வருகிற சுரூபச் சிற்பி மிக்கேல் எழுதிக்கொள்வது.

தாங்களும் தங்கள் மனைவி மெரினும் பிள்ளைகளும் அந்த நாட்டுக் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே தங்கள் அக்கா வேளாங்கண்ணி நலம். அவள் குரல் அவளைவிட நலம். கொல்லைப்புற முருங்கை காய்க்கிறது. தங்கள் அம்மாவின் கல்லறைக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. எனக்கு மட்டும் மானத்தில் பலத்த அடி. வேறெங்கும் வலி இல்லை.

இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் போதாதா என்று தங்கள் அக்கா கேட்டாள். பெட்டிக்குள்ளிருந்து வரும் குரலால் நான் பட்டது போதாதென்று என் குரலையும் ஒரு பெட்டிக்குள் போட்டு அனுப்ப வேண்டுமா? எனவே பேனாவை எடுத்தேன். தங்களிடம் கேட்பது இரண்டே இரண்டு காரியம். ஒன்று, தாங்கள் கிறிஸ்துமஸ் லீவில் வந்தபோது அன்போடு கொடுத்த பாட்டுப் பெட்டியைப் பார்சலில் திருப்பி அனுப்புகிறேன், தயவுசெய்து வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு, நம் பங்குச் சாமியார் ஆரோன் அடிகளுக்குத் தாங்கள் பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுத வேண்டும். அதில், மேற்படி பெட்டியின் உச்சரிப்பு கோளாறானது, பிரெஞ்சு தேசத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே அது பேசுவது விளங்காது என்று குறிப்பிட வேண்டும். முத்திரை ஏதாவது இருந்தால் குத்தி அனுப்பினால் உத்தமம்.

ஏன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் பட்டறையில் மூன்று பேர் என்பது உங்களுக்குத் தெரியும். குப்பன் வீராம்பட்டினத்துக்காரன். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன், இடுப்பு பிடித்துக்கொண்டதால் கரையேறி இப்போது என்னிடம் ஃபைபர் அச்சு ஊற்றுகிறான், உப்புத்தாள் தேய்க்கிறான். அவன் வேலை செய்யும்போது கேட்பது பாட்டு அல்ல. அவன் சம்சாரம் வரலட்சுமி மீன் மார்க்கெட்டில் கூடை வைத்திருக்கிறாள். காலையில் அவனுக்குப் போன் போட்டுவிட்டு, அதை அப்படியே இடுப்பில் செருகிக்கொண்டு வியாபாரத்தைப் பார்க்கப் போய்விடுவாள். இவன் இந்த முனையில் ஒரு வார்த்தை பேச மாட்டான். அவள் சங்கரா மீனுக்கு விலை சொல்வதையும், வாங்க வந்தவளின் பரம்பரையை இழுத்து வைத்துத் திட்டுவதையும் கேட்டுக்கொண்டே தேய்ப்பான்.

‘ஏண்டா, பேசவும் மாட்டேங்கிற, போனையும் வெக்க மாட்டேங்கிற. என்னாடா இது?’ என்று ஒருநாள் கேட்டேன்.

‘பேசறதுக்கு என்னா இருக்குது மேஸ்திரி? அவ சத்தம் ஓடிக்கிட்டே இருந்தா என் கையும் ஓடுது’ என்றான்.

அடுத்தது தேவிப்பிரியா. கனகசெட்டிக்குளத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிற பெண். சுரூபங்களுக்கு முகம் எழுதுவதும் கண் எழுதுவதும் அவள்தான். இந்தப் பக்கத்தில் அவளைப் போலக் கண் எழுத ஆள் கிடையாது, நான் உட்பட. அவள் கேட்பது கொலைக் கதை! போனில் ஒரு பொம்பளை ரகசியம் பேசுகிற குரலில் வாராவாரம் ஒரு பகுதியாகச் சொல்லிக்கொண்டே போவாள், யார் யாரை எப்படி எங்கே வைத்து வெட்டினான் என்று. இவள் இந்தப் பக்கம் குழந்தை சேசுவின் கன்னத்துக்கு ரோஸ் வைப்பாள், அந்தப் பக்கம் யாரோ யாருக்கோ பாயாசத்தில் விஷம் வைப்பார்கள்.

‘ஏம்மா, மாதா மூஞ்சிக்கு நேரா ஒக்காந்துகிட்டுக் கேக்கற கதையா இது?’

‘அண்ணே, கண்ணு எழுதறப்போ மூச்சு நிக்கணும். சும்மா நிறுத்துன்னா நிக்குமா? அடுத்தது யாரு சாவப்போறாங்கன்னு காத்துக்கிட்டு இருந்தா அது தானா நின்னுடும்’ என்றாள்.

மூன்றாவது ஆள் நான். நான் கேட்பது பிரெஞ்சு வானொலிச் செய்தி. நம் குடும்பத்துக்கு அது பொருத்தமாக இருக்கிறது. பூச்சு வேலையின் நடுவே ‘ஆ போன்’, ‘வுவாலா’ என்று இரண்டு வார்த்தை விட்டுக்கொண்டு தலையாட்டுவேன். குப்பன் ‘என்னா சொல்றான் மேஸ்திரி?’ என்று கேட்டால் ‘பாரிசுல மழை’ என்பேன். பெரும்பாலும் மழையாகத்தான் இருக்கும்.

இப்படி அவரவர் போனில் அவரவர் சத்தத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்த பட்டறையில்தான் தேங்காய் சைசில் அந்தக் கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தீர்கள். ‘மாமா, இனிமே எல்லாரும் ஒண்ணா கேக்கலாம்’ என்றீர்கள். ஒன்றாகக் கேட்டோம் மச்சான். ஒன்றாகத்தான் கேட்டோம். யார் போன் முந்துகிறதோ அதைப் பெட்டி பிடித்துக்கொள்ளும். டொய்ங் என்று மணி அடிக்கும், பிரெஞ்சு மந்திரி பேச ஆரம்பிப்பார். டொய்ங், கத்தி கழுத்தில் இறங்கும். டொய்ங், ‘எடுத்தா எடு, எடுக்காட்டி போ, தொட்டுத் தொட்டுப் பாத்தா மீனுக்கு உசுரு வருமா?’ என்று வரலட்சுமி கத்துவாள். பக்கத்து சந்திலிருந்து ஒரு அம்மாள் வந்து, இங்கே சங்கரா என்ன விலை என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஒருநாள் மடத்திலிருந்து இரண்டு கன்னியாஸ்திரிகள் அந்தோணியார் சுரூபம் விசாரிக்க வந்தார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு, ‘எங்க பட்டறையில வேலையே ஒரு ஜெபம் மாதிரிதான் சிஸ்டர்’ என்று சொல்லி வாயை மூடவில்லை. டொய்ங். ‘தலை ஒரு சாக்கில், உடம்பு ஒரு சாக்கில்’ என்றது பெட்டி. பெரிய சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார். சின்ன சிஸ்டர் மட்டும் ‘அப்புறம்?’ என்றார். பெரியவர் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதோடு சரி, அந்தோணியார் இன்னும் தலையில் தூசியோடு மூலையில் நிற்கிறார்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டேன். ‘இனிமே இந்தப் பட்டறையில எவன் சத்தமும் கேக்கக் கூடாது. கதையும் கிடையாது, மீனும் கிடையாது’ என்று சட்டம் போட்டேன். மறுநாள் காலையில் வழக்கம்போல் என் போனில் பிரெஞ்சுச் செய்தியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அது சத்தம் இல்லையே, அது செய்தி. இந்த வித்தியாசம் அவர்களுக்குப் புரியவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது பட்டறையில் நின்றது சாதாரண வேலை இல்லை. நம் பங்குத் திருவிழாத் தேரில் ஏறப்போகிற மாதா. எத்தனையோ வருஷமாக நம் தேரில் வெளியூர் சுரூபம்தான் போகிறது. நான் ஊருக்கெல்லாம் சுரூபம் செய்கிறேன், சொந்தப் பங்குத் தேர் என் வாசலைத் தாண்டும்போது மட்டும் எவனோ செய்த மாதாவைப் பார்த்துக் கும்பிட்டு நிற்பேன். எப்படி எரியும் தெரியுமா? இந்த வருஷம்தான் ஆரோன் சாமியார், ‘மிக்கேலு, நீங்களே செய்ங்க’ என்றார். அதிலும் பாதியில் எங்களுக்குள் ஒரு மனஸ்தாபம். மாதா முகம் சிரிக்க வேண்டும் என்றார் அவர், மாதா பல்லைக் காட்ட மாட்டார்கள் என்றேன் நான். அதிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. எல்லாம் உங்கள் அக்கா மூலமாகத்தான். ‘திருவிழாவுக்குள்ள முடியலன்னா பழைய சுரூபமே தேர்ல போகும்’ என்று சொல்லி அனுப்பியிருந்தார். அப்போது மாதாவுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. நீல முக்காடு, தங்க ஓரம், பாதத்தில் ரோஜா. கண் மட்டும் பாக்கி.

தேவிப்பிரியா கண் எழுத உட்கார்ந்தாள். எழுந்தாள். உட்கார்ந்தாள். இரண்டு மூன்று நாளாக இதேதான். பிரஷ்ஷை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோவாள், எடுத்துவிடுவாள். அப்புறம் ஒருநாள் காலையில் வேலை சுறுசுறுப்பாக நடந்தது. எனக்கு நிம்மதி. பார்த்தால், மாதாவின் முக்காட்டுக்குள்ளிருந்து குசுகுசுவென்று ஒரு சத்தம். காதை வைத்துக் கேட்டால் ‘அந்தக் கிணற்றில் மிதந்தது’ என்று வருகிறது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அவள் போனில்தான் வருகிறது என்று நினைத்து, ‘மாதாவுக்கு எதிர்லயா பொணத்த மெதக்க வுடற? வெளில போ!’ என்று கத்திவிட்டேன்.

அவள் பிரஷ்ஷைக் கழுவித் துடைத்து வைத்தாள். ‘ஒங்களுக்கு மட்டும் புரியாத நியூஸு, எங்களுக்கு வாய்ல காதுல பிளாஸ்திரியா? நீங்களே கண்ணு எழுதிக்குங்கண்ணே’ என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள். புரியாத நியூஸ் என்றாள், கவனித்தீர்களா? அப்போது எனக்கு அதைக் கவனிக்க நேரமில்லை.

அவள் போன பிறகு பட்டறையில் ஒரு அமைதி வந்தது பாருங்கள், நான் கேட்ட அமைதிதான், ஆனால் உட்கார முடியவில்லை. நானே பிரஷ்ஷை எடுத்தேன். மாதா முகம் வரை கொண்டுபோய்க் கீழே வைத்தேன். குப்பன் தேய்ப்பதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். உச்சி வெயில், தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. கண்ணில்லாத மாதாவுக்கு முன்னால் நின்று, ‘அம்மா, திருவிழா வந்துடுச்சு, நான் என்னா பண்ணுவேன்?’ என்று வாய்விட்டே கேட்டேன்.

மாதா பேசினார்கள்.

மச்சான், சத்தியமாகச் சொல்கிறேன். நெஞ்சுக்குள்ளிருந்து, சாந்தமான ஒரு பெண் குரல். ‘பாதிரி... பைபிள்’ என்றது.

குப்பன் இடுப்பு வலியை மறந்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். ‘தாயே! மேஸ்திரி, என்னா கேக்கறாங்க?’

மறுபடியும் அதே குரல். ‘பாதிரி... பைபிள்.’

‘பாதிரியாரக் கூப்புடறாங்கடா. பைபிளோட வரச் சொல்றாங்க’ என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை சுரூபம் செய்திருக்கிறேன், ஒருத்தராவது ஒரு வார்த்தை பேசியதுண்டா? ஆரோன் சாமியாரை மாதா மொட்டையாகப் பாதிரி என்று கூப்பிட்டதில் உள்ளூர ஒரு சந்தோஷமும் இருந்தது, மறைப்பானேன். சாமியாருக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற மனஸ்தாபத்தைத் தீர்க்கத்தான் அம்மா வாய் திறந்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு, கழுத்தில் கிடந்த துண்டோடு கோயில் பங்களாவுக்கு ஓடினேன்.

சாமியார் சாப்பிட உட்கார்ந்திருந்தார். மதுரைப் பக்கத்துக்காரர், சாப்பாட்டில் கவனமானவர்.

‘என்ன மிக்கேலு, அதிசயமா இந்தப் பக்கம்?’

‘சாமி, மாதா ஒங்களக் கூப்புடறாங்க.’

‘எந்த மாதா?’

‘நம்ம பட்டறை மாதாதான்.’

‘கண்ணு வச்சாச்சா?’

‘கண்ணு இன்னும் வெக்கல சாமி. வாய் வந்துடுச்சு.’

என் முகத்தைப் பார்த்தவர் கையைக் கழுவிக்கொண்டு, பைபிளை எடுத்துக்கொண்டு வந்தார். வந்து பார்த்தால் எங்கள் சந்து முழுக்கத் தலை. இந்தக் குப்பன் என்ன செய்திருக்கிறான், உடனே வரலட்சுமிக்குப் போன் போட்டிருக்கிறான். அவள் வியாபாரத்தின் நடுவே அதைச் சத்தம் போட்டுச் சொல்ல, மீன் மார்க்கெட்டே ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டது. கூடையோடு வந்தவர்களும் உண்டு. பட்டறை முழுக்க ஒரு பக்கம் மெழுகுவத்தி வாசனை, ஒரு பக்கம் கவிச்சி. வரலட்சுமி மாதா காலடியில் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தாள். உங்கள் அக்கா நடுவில் முழங்காலிட்டு ஜெபமாலையை உரக்கத் தொடங்கியிருந்தாள். அவள் தொடங்கினால் இந்தப் பக்கம் கடலூர் வரைக்கும் கேட்கும்.

சாமியார் மாதாவுக்கு எதிரே போய் நின்றார். ‘எங்க மிக்கேலு, ஒண்ணும் காணோமே’ என்று சந்தேகமாகத் திரும்பினார். திரும்பிய அந்த நிமிஷம், ‘பாதிரி... பைபிள்’ என்றது குரல். கூட்டம் ஆஹ் என்றது. சாமியார் முகத்தில் ரத்தம் இல்லை. பைபிளைத் திறந்தார்.

‘எந்தப் பக்கம்னு கேளுங்க சாமி’ என்றது ஒரு குரல்.

அவருக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை. திறந்த பக்கத்தைப் படித்தார். அது யாருக்கு யார் பிள்ளை, அந்தப் பிள்ளைக்கு யார் பிள்ளை என்று பரம்பரைப் பேர் வரிசையாக வருகிற இடம். நிறுத்தவும் பயம், தாண்டவும் பயம், ஒரு பேர் விடாமல் படித்துக்கொண்டே போனார். கூட்டம் ஒவ்வொரு பேருக்கும் ஆமென் சொன்னது. அப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது மாதா மறுபடியும் வாய் திறந்தார்கள்.

‘ஒ ருவார்’ என்றார்கள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூச்சு பேச்சில்லை. பாண்டிச்சேரியில் ஒ ருவார் தெரியாதவன் உண்டா? மீன்காரியிலிருந்து ரிக்‌ஷாக்காரன் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும், போய் வருகிறேன் என்று அர்த்தம். ‘அய்யோ, மாதா போறாங்க! நம்மள வுட்டுட்டுப் போறாங்க!’ என்று ஒரே கூக்குரல். உங்கள் அக்கா தரையில் அடித்துக்கொண்டு அழுதாள். ‘பேரு லிஸ்ட்டப் படிச்சா எந்த அம்மா ஒக்காந்து கேப்பாங்க? நல்லதா நாலு வார்த்த படிக்கக் கூடாதா சாமி?’ என்று வரலட்சுமி சாமியாரிடமே சண்டைக்குப் போனாள்.

சாமியார் பைபிளை மூடினார். ‘மிக்கேலு, மாதா பிரெஞ்சா பேசுவாங்க?’

‘பேசாம என்னா சாமி? பிரெஞ்சு தேசத்துல காட்சி குடுத்தவங்கதானே?’ என்றேன். அப்போதும் எனக்கு விசுவாசம் குறையவில்லை, பாருங்கள்.

அவர் மெல்லச் சுற்றிப் பின்பக்கம் போனார். ஃபைபர் சுரூபம் உள்ளே வெறும் கூடு. தேரில் இரும்புக் கம்பியோடு பிணைப்பதற்காக முதுகில் கை போகிற அளவுக்கு ஒரு பொத்தல் விட்டிருப்போம். அதற்குள் கையை விட்டார். துழாவினார். உங்கள் பெட்டியை வெளியே எடுத்தார்.

அந்தத் தேவிப்பிரியா பரணிலிருந்து எடுத்து, எனக்குத் தெரியாமல் உள்ளே வைத்து, சின்ன சத்தத்தில் கேட்டிருக்கிறாள்! எப்போதும் கரண்ட் வயரோடு கிடந்த பெட்டி. வயரைப் பிடுங்கினால் அதற்குப் பசிக்கும், பசித்தால் பேசும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? டொய்ங் தவிர அது வேறு வார்த்தை பேசி நாங்கள் கேட்டதே இல்லை. நீ சொன்னாயா? சாமானைக் கொடுக்கும்போது இப்படி ஒரு வாய் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வலித்ததா? இவ்வளவு தூரம் பிளேனில் கொண்டுவரத் தெரிந்தவனுக்கு அதைத் தமிழில் பேச வைக்கத் தெரியாதா?

மன்னிக்கவும். கோபத்தில் பேனா ஓடிவிட்டது. தங்களை ஒருமையில் எழுதியதை அடித்தால் காகிதம் அசிங்கமாகிவிடும், அப்படியே விட்டுவிடுகிறேன்.

அந்த நேரம் பார்த்துத்தானா லினெட் மதாம் வர வேண்டும்? எதிர் வீட்டு அந்த சொல்தா பென்ஷன் அம்மாள்தான், புருஷன் பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்தவர். பகல் தூக்கம் கலைந்து, பவுடர் போட்டுக்கொண்டு, மாதா என்ன சொன்னார்கள் என்று விசாரித்துக்கொண்டே வந்தார். யாரோ ‘பாதிரி பைபிள்’ என்று சொல்லிக் காட்டினார்கள். மதாம் சாமியார் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். ‘பத்ரி ஃபேபிள். பேட்டரி கம்மியாப் போச்சுன்னு சொல்லியிருக்கு. சார்ஜ் போடுங்க’ என்று சொல்லிவிட்டு, வந்த வழியே போய்விட்டார்.

மச்சான், அதற்கப்புறம் அந்தக் கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!

‘பிரெஞ்சா? மேஸ்திரிக்குப் பிரெஞ்சு தண்ணி பட்ட பாடாச்சே!’ என்றான் ஒருத்தன். ‘நாள் முழுக்கப் பிரெஞ்சு நியூஸ் கேக்கற ஆளு, இதுகூடவா தெரியாது? தெரிஞ்சேதான் பண்ணியிருக்காரு’ என்றாள் ஒருத்தி. ‘சுரூபம் விக்கறதுக்காக மாதாவப் பேச வெக்கிறியாய்யா?’ என்று கேட்டது இன்னொரு குரல். சாமியாரும் என்னையே பார்க்கிறார். அவர் கண்ணில் கோபம்கூட இல்லை, வருத்தம். தேரும் போச்சு, பேரும் போச்சு, இனி எந்தக் கோயில் படி ஏறுவேன் என்று நின்றேன். தெரியும் என்றால் நான் மாதாவை வைத்து ஊரை ஏமாற்றியவன். தெரியாது என்றால்... அந்த வார்த்தை என் வாயில் வரவே மாட்டேன் என்றது.

உங்கள் அக்கா எழுந்தாள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கூட்டத்துக்கு நடுவில், அந்தக் குரலில் கத்தினாள்.

‘சாமி! இவருக்குப் பிரெஞ்சு தெரியாது சாமி! ஒரு எழுத்து தெரியாது! கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்குத் தெரியும். நான் பாவம் பாத்து வெளில சொல்லல. மாதா மேல ஆணையா இவருக்கு ஒண்ணுமே தெரியாது!’

அப்புறம் குப்பன், ‘அப்போ பாரிசுல மழையே பெய்யலயா மேஸ்திரி?’ என்றான். எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பியது. சாமியார் உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை, ரெசின் டின் மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மீன்காரிகள் கூடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். என் மானத்தைக் காப்பாற்ற என் மானத்தையே எடுத்து வீசினாள் உங்கள் அக்கா. அவளைக் கோபித்துக்கொள்வதா, கையெடுத்துக் கும்பிடுவதா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. உண்மையில் என் பிரெஞ்சு கொஞ்சம் துருப்பிடித்திருக்கலாம், அவ்வளவுதான். அதற்காக ஒரு எழுத்து தெரியாது என்பது அதிகம்.

சாமியார் போகும்போது சொன்னார். ‘மிக்கேலு, ஏமாத்தலன்னு நம்புறேன். ஆனா கண்ணில்லாத மாதாவத் தேர்ல ஏத்த முடியாது. திருவிழாவுக்குள்ள அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வந்துருங்க.’

மறுநாளே பஸ் பிடித்துக் கனகசெட்டிக்குளம் போனேன். தேவிப்பிரியா வாசலில் வலை உலர்த்திக்கொண்டிருந்தாள். விஷயம் எனக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, ‘வரேன்ணே. ஆனா எனக்குக் கதை வேணும். குப்பண்ணனுக்கு மார்க்கெட் வேணும்’ என்றாள்.

‘சரி, கேட்டுத் தொலைங்க.’

‘ஒங்களுக்கு?’

‘எனக்கு என்னா?’

‘நெஜமா ஒங்களுக்கு என்னா கேக்கணும்னு இருக்குதுண்ணே? அந்தப் பிரெஞ்ச வுட்டுடுங்க.’

மச்சான், இத்தனை வருஷம் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறேன், அடுத்தவன் என்னைப் பார்த்து மெச்சுவதற்காக ஒரு சத்தத்தை ஓடவிட்டேனே தவிர, எனக்கென்று எது கேட்கப் பிடிக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. வெட்கமாக இருந்தது. ‘நீ கேக்கறதயே நானும் கேக்கறேன்’ என்று மட்டும் சொன்னேன்.

பெட்டியை வயரோடு வைத்தோம். காலையில் மார்க்கெட், பிற்பகலில் கதை என்று முறை போட்டுக்கொண்டோம். அன்று பிற்பகல் அவள் மாதாவுக்கு எதிரே உட்கார்ந்தாள், கதைக்காரி ஆரம்பித்தாள். ஒரு பெரிய குடும்பம், ஒரு கிணறு, அதில் மூத்த மருமகள். கொன்றது யார் என்று அந்த வீட்டில் ஒவ்வொருவராகப் பேசப் பேச, நான் கையில் எடுத்த பிரஷ் அப்படியே நின்றது. குப்பனும் தேய்க்கவில்லை. தேவிப்பிரியா மட்டும் எழுதினாள். ஒரு கண் முடிந்து மறு கண். ‘கதவுக்குப் பின்னால் நின்றது யார் தெரியுமா?’ என்று கதைக்காரி கேட்டு நிறுத்தினாள். அந்த இடத்தில் தேவிப்பிரியா கையை எடுத்தாள். மாதா கண் திறந்திருந்தார்கள்.

திருவிழாவன்று மாலை என் மாதா தேர் ஏறினார்கள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, எதிரில் நிற்பவர் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருக்கிற மாதிரி ஒரு பார்வை. தேர் நின்ற இடத்திலெல்லாம் பொம்பளைகள் கிட்டே போய்ப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஜெபம் இல்லை மச்சான், பேச்சு. மருமகள் சோறு போடாதது, மகன் போன் பண்ணாதது, இடுப்பு வலி, எல்லாம். ‘இந்த மாதாகிட்ட சொன்னா காது குடுத்துக் கேக்கறாங்க’ என்று ஒரு அம்மாள் இன்னொருத்தியை இழுத்துவந்தாள். தேர் நகர முடியாமல் இளைஞர் மன்றத்துக்காரர்கள் தவித்தார்கள். ஆரோன் சாமியார்கூட ஓரமாகப் போய் முக்காட்டுப் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார், என்ன சொன்னார் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்.

தேர் எங்கள் வாசலுக்கு வந்தது. உங்கள் அக்கா முன்னால் போய் நின்றாள். பெரிய குரல்காரி, அன்றைக்குச் சத்தமே இல்லை. உதடு மட்டும் அசைந்தது. ரொம்ப நேரம் பேசினாள். வீட்டில் என்னிடம் இத்தனை வருஷத்தில் அவள் அவ்வளவு நேரம் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. நான் கேட்டிருந்தால் பேசியிருப்பாளோ என்னவோ. வாசலில் நின்று அழுதேன் மச்சான். தெருவே பார்த்தது, பார்க்கட்டும்.

அது வேறு, இது வேறு. மாதா நன்றாக அமைந்ததற்கும் தாங்கள் கொடுத்த பெட்டிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதைத் தெளிவாகத் தெரிவித்துக்கொள்கிறேன். ஊரில் இப்போது என்னை ‘பாதிரி பைபிள்’ என்றே கூப்பிடுகிறார்கள். கீரைக்காரி கூட ‘பாதிரி பைபிள் வீட்டுக்கு ரெண்டு கட்டு’ என்கிறாள். எனவே பெட்டி பார்சலில் வருகிறது. தாங்களும் சாமியாருக்கு எழுத வேண்டிய கடிதத்தைத் தாமதிக்காமல் எழுதுங்கள்.

தங்களுக்கும் மெரினுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. கண் திறந்த எங்கள் மாதா உங்கள் வீட்டுப் பேச்சையும் அங்கிருந்தே கேட்டு, வேண்டியதைச் செய்யட்டும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் நலம் நாடும்
மிக்கேல்

பி.கு.: பார்சல் கட்டியதைப் பிரித்துவிட்டேன். கதையின் ஏழாம் பகுதி வெள்ளிக்கிழமை வருகிறதாம், போனில் கேட்டால் அந்தக் கதைக்காரியின் மூச்சு சரியாகக் கேட்கவில்லை. ஆரோன் சாமியாரும் அடுத்த சுரூபத்துக்கு வார்னிஷ் காய்ந்ததா என்று பார்க்கிற சாக்கில் கதை நேரத்துக்கு வந்து ரெசின் டின் மேல் உட்கார்ந்துகொள்கிறார். சின்ன சிஸ்டர் அந்தோணியாரை மறுபடியும் விசாரித்துக்கொண்டு வந்தார். அங்கே ஏழாம் பகுதி முன்னாலேயே வந்துவிடுமானால், கொன்றது கொழுந்தனா, சமையல்காரியா என்று மட்டும் உடனே எழுதுங்கள். முடிந்தால் இன்னொரு பெட்டியும் அனுப்புங்கள், வீட்டுக்கு.

தம்பி, அக்கா எழுதுறேன். இவரு கடுதாசிய ஒட்டக் குடுத்தாரு, பிரிச்சுப் படிச்சிட்டுத்தான் ஒட்டறேன். சாமியாருக்குப் பிரெஞ்சுல எழுதிடாத. அவரு அதக் கொண்டாந்து இவரு கையிலயே குடுத்து, பூசையில எல்லாருக்கும் முன்னாடி படிங்கன்னுவாரு. அவருக்கு அந்தக் குறும்பு உண்டு. அப்புறம், கொன்னது யாருன்னு ஒனக்குத் தெரிஞ்சாலும் தெரியாதுன்னு சொல்லிடு. இப்போ தெனமும் சாப்புடறப்போ, ‘வேளாங்கண்ணி, நீ என்னா நெனைக்கிற, யாரு கொன்னிருப்பா?’ன்னு கேக்கறாரு. நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருக்காரு.